குளத்து வேலையும் எலிக்காய்ச்சலும்



நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிந்தது. கர்னல் பென்னிகுவிக்கை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்தக் காட்டில் கல் சுமந்த கூலியாட்களை மலேரியா வாட்டி எடுத்ததை அதிகம் பேசுவதில்லை. கெட்ட காற்றால் வரும் காய்ச்சல் என்றே அப்போது நினைத்தார்கள். மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்கிறது என்று ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897-ல்தான். காரணம் தெரியாமலே பல உயிர் போயிற்று.

இன்று நெல்லோடு மீனும் வளர்க்கிறோம். கண்மாயிலும் பண்ணைக்குட்டையிலும் கட்லா, ரோகு விட்டு வலை இழுக்கிறவர்களுக்கு வரக்கூடியது எலிக்காய்ச்சல். இதற்குக் காரணம் தெரியாமல் இல்லை. 1915-ல் ஜப்பானிய மருத்துவர்கள் இனாடாவும் இடோவும் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 1930-களில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் மீன் சுத்தம் செய்யும் தொழிலாளர்களிடமும் இதே நோய் காணப்பட்டது.

எலி, ஆடு, மாடு இவற்றின் சிறுநீர் தண்ணீரில் கலக்கும். கால் வெடிப்பு, வலைக்கயிறு அறுத்த காயம், ஊறிப்போன தோல் வழியாகக் கிருமி உள்ளே போகும். திடீர்க் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு இவை அடையாளம். முற்றினால் கண் மஞ்சளாகும். அதைச் சாதாரணக் காமாலை என்று எண்ணி வேரைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்து. ஆரம்பத்திலேயே போனால் மருந்தில் குணமாகும்.

1978-ல் சோவியத் நாட்டின் அல்மா ஆட்டாவில் கூடிய உலக மாநாடு, சுகாதாரத் திட்டத்தில் மக்களுக்கும் பங்கு உண்டு என்று அறிவித்தது. நம்ம ஊரில் அந்தப் பங்கு எது? குளத்தை ஏலம் எடுத்தவரும் வலை இழுப்பவரும் சேர்ந்து செய்ய வேண்டியது மூன்று:

ஒன்று, மீன் தீவன மூட்டைகளைப் பலகை மேல் அடுக்கி, கரையில் எலி வளை இல்லாமல் பார்ப்பது. இரண்டு, காயம் ஆறும்வரை அந்த ஆளைத் தண்ணீரில் இறக்காமல், கூலி குறையாமல் கரைவேலை கொடுப்பது. மூன்று, ஒருவருக்குக் காய்ச்சல் கண்டாலும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்வது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில், "ஐயா, நான் குளத்துத் தண்ணீரில் வேலை செய்றேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை மருத்துவருக்குப் பாதி வழியைக் காட்டிவிடும்.

அணை கட்டியவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. நமக்குத் தெரியும். தெரிந்தும் ஓர் ஆளை இழக்கலாமா?