மாறியது உடை; மாறாதது மூளை!

1944 ஆகஸ்டு 27. சேலத்தில் கூடிய மாநாட்டிலே, அண்ணாவின் தீர்மானத்தால், தென்னிந்திய நல உரிமைச் சங்கம் 'திராவிடர் கழகம்' ஆயிற்று. வெறும் பெயர் மாற்றந்தானே என்பர் சிலர். நாம் அப்படிக் கருதுவதில்லை. பிறர் இட்ட பெயரை உதறிவிட்டு, நாம் யார் என்பதை நாமே சொல்வது விடுதலையின் முதற்படி!

அதே சேலத்தைச் சேர்ந்தவர் பிரித்திகா யாஷினி. கணினித் துறையில் பட்டம் பெற்ற திருநங்கை. காவல்துறை உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தார். படிவத்திலே ஆணுக்கு ஓர் இடம், பெண்ணுக்கு ஓர் இடம். அவருக்கோ இடமே இல்லை! சான்றிதழில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் ஒரு பெயர். மனு தள்ளப்பட்டது. அவர் தளரவில்லை, சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறினார். மூன்றாம் பாலினத்தாரின் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15ஆம் நாளே ஏற்றிருந்தது. 2015 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2017இல், முன்னாளில் சேலம் மாவட்டத்தோடு இணைந்திருந்த தருமபுரியில், நாட்டின் முதல் திருநங்கை உதவி ஆய்வாளராகப் பணியேற்றார்.

காவல் நிலையக் கதவு திறந்தது. அறிவியற்கூடத்தின் கதவு?

அமெரிக்க நரம்பியல் அறிஞர் பென் பாரஸின் வாழ்வைப் பார்ப்போம். 1954இல் பிறந்தவர், பெண்ணாக வளர்க்கப்பட்டவர். மாணவப் பருவத்திலே, வகுப்பில் மற்றவர் தீர்க்காத கடினமான கணக்கைத் தீர்த்தார். பேராசிரியரோ, காதலன் போட்டுக் கொடுத்திருப்பான் என்றாராம்! 1997இல் அவர் ஆணாக மாறினார். பின்னர் அவரது உரையைக் கேட்ட ஒருவர், இவருடைய ஆய்வு இவர் சகோதரியின் ஆய்வைவிட மேலானது என்று மெச்சினாராம். சகோதரி யார்? அவரேதான்!

மூளை ஒன்று, ஆய்வு ஒன்று. மாறியது உடையும் பெயரும் மட்டுமே. மதிப்பு ஏன் மாறிற்று? அப்படியானால் இதுவரை அளந்தது அறிவையா, ஆணென்னும் அடையாளத்தையா?

'தகுதி, திறமை' என்ற பல்லவி நமக்குப் புதிதன்று. வகுப்புரிமை கேட்டபோது நம் முன்னோர் செவியிலும் அதுவே ஒலித்தது. பாரஸ் 2006இல் 'நேச்சர்' இதழில் அந்தப் பல்லவியை மறுத்தார். பெண்களைத் தடுப்பது பிறவிக் குறையன்று, தப்பெண்ணமே என வாதிட்டார். மூளையிலே வெறும் பசையென ஒதுக்கப்பட்டிருந்த கிளியா செல்கள், நரம்புகளின் இணைப்பு உருவாகத் துணை நிற்பதை அவரது ஆய்வுக்கூடம் காட்டிற்று. ஒதுக்கப்பட்டவற்றின் ஆற்றலை உணர்த்த அவரினும் தக்கவர் எவர்? 2013இல் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக்கியது. தம்மை மாறிய பாலினத்தவர் என வெளிப்படையாக அறிவித்தவர்களுள் அப்பேறு பெற்ற முதல்வர் அவர். 2017 டிசம்பரில் மறைந்தார்.

2008இல் திருநங்கையர்க்கு நல வாரியம் அமைத்தது தமிழகம். பெருமைதான், ஆனால் போதுமா? நாமக்கல் சமவெளியிலே, விசைத்தறி ஓசைக்கிடையே கணக்குப் போடும் பிள்ளை ஒன்று, கேலிக்கு அஞ்சிப் பள்ளியை விட்டோடுமானால் இழப்பு யாருக்கு? அந்தப் பிள்ளைக்கு மட்டுமா? நாட்டுக்கும் அறிவியலுக்குந்தான்!

ஆசிரியரே, கேலியை அடக்குங்கள்! பெற்றோரே, பிள்ளையைத் துரத்தாதீர்கள்! ஆட்சியாளரே, ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்து வையுங்கள்! அறிவுக்குப் பாலில்லை, அதை அடைப்பதற்கு நமக்கு உரிமையுமில்லை.