தங்கவயலுக்கு வந்தவர்கள்: கூலியும் குடியிருப்பும்

தமிழரின் புலப்பெயர்வு என்றதும் இலங்கை மலையகமும் மலேயாவின் ரப்பர் தோட்டங்களுமே நினைவுக்கு வருகின்றன. கடல் கடக்காமலேயே வேற்றாட்சிப் பரப்பில் குடியேறிய ஒரு பெருங்கூட்டம் அவ்வரலாற்றின் ஓரத்தில் நிற்கிறது. வட ஆர்க்காடு உள்ளிட்ட சென்னை மாகாண மாவட்டங்களிலிருந்து மைசூர் சமஸ்தானத்தின் கோலார் தங்கவயலுக்குச் சென்றவர்கள் அவர்கள்.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே காலூன்றியது. 1894இல் இரயில் பாதை வந்தது. 1891இல் சுமார் 7,000 ஆக இருந்த மக்கள்தொகை, 1901இல் 38,000ஐக் கடந்தது. வந்தவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற தலித் மக்கள். பண்ணையாரின் களத்தில் நெல்லாகப் பெற்ற கூலிக்குப் பதில் இங்கே கையில் காசு கிடைத்தது. ஊர்த்தெரு, சேரி என்ற பிரிவினையின் பிடியும் தளர்ந்தது.

ஆனால் புதிதாக வந்தவரை எதிர்கொண்டது காசு மட்டுமன்று. தங்கத்தை ஒளித்து எடுத்துச் செல்கிறார்களா என்ற ஐயத்தில் தொழிலாளரின் உடலே சோதனைக்கு உள்ளாயிற்று. சுரங்கம் ஆழமாக ஆழமாகப் பாறை கொதித்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பின்னாளில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. பாறை வெடிப்புகள் எச்சரிக்கையின்றி உயிர் பறித்தன. அவற்றுக்குத் தப்பியவர்களின் நுரையீரலில் கற்றூள் படிந்து சிலிகோசிஸ் நோயானது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர் நகருக்கு அது கிடைக்கும் முன்பே சுரங்க இயந்திரங்களுக்குக் கிடைத்தது.

குடியிருப்பும் கம்பெனியினுடையதே. வரிசை வரிசையான ‘லைன்’ வீடுகளில் வாழும் உரிமை வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. பண்ணையாரை விட்டு வந்தவர், வேலையும் கூரையும் ஒரே கையில் இருந்த வேறொரு முதலாளியிடம் வந்து சேர்ந்தார்.

எனினும் இம்மக்கள் வெறும் கூலிக்கூட்டமாக எஞ்சவில்லை. அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்த இயக்கத்திற்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை அமைந்தது. 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைந்த பின், 1926இல் ஜி. அப்பாதுரையார் முயற்சியால் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. அவருடைய நூல்களை இங்குள்ள சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுக் காத்தது. தமிழகத்திற்கு வெளியே, சுரங்கத் தொழிலாளரிடையே ஒரு சிந்தனை மரபு உயிர்பிழைத்தது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். தம்மைக் குற்றவாளிகளைப் போல நடத்துவதை ஏற்க மறுத்த மக்களின் தன்மதிப்பு அதில் வெளிப்பட்டது.

1956இல் மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்பட்டபோது தங்கவயல் மைசூர் மாநிலத்திலேயே நீடித்தது. அதே ஆண்டில் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று அதுவும் மூடப்பட்டது. தலைமுறைகளாக வாழ்ந்த வீடு யாருக்கு உரியது என்ற கேள்வி அன்று வெளிப்படையாக எழுந்து, நீண்டகாலச் சிக்கலாயிற்று.

குடிபெயர்வோருக்குக் கூலி எவ்வளவு என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடுகிறது. வேலை நின்ற மறுநாள் எங்கே உறங்குவது என்பதைத் தங்கவயல் மக்கள் நூறாண்டுகளுக்குப் பின்பே கேட்க நேர்ந்தது. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறார்கள். இரவில் திரும்புவது அந்த லைன் வீடுகளுக்கே.