நந்தன் வேஷம் கட்டிய சுந்தராம்பாள்

எங்க ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கே.பி.சுந்தராம்பாள் குரல் எங்கே கேட்டாலும் கைவேலையைப் போட்டுவிட்டு நிற்கும். வேப்பம்பட்டு சேரியில் ஆடி மாசம் கூழ் ஊத்தும்போது குழாய் கட்டினால் முதலில் அந்தம்மா பாட்டுதான். ஆயா டென்ட் கொட்டாயில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த படம் ஜெமினியின் ‘ஔவையார்’ (1953). "கெய்வி வேசம்னாலும் ராசாவே எழுந்து நிக்கறான் பாரு. அது அந்தக் கொரலுக்கு" என்று சொல்லும்.

ஆயா சொன்னது சரி. 1908இல் கொடுமுடியில் பிறந்து, வறுமையில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி அவர். 1933இல் கணவர் கிட்டப்பா இறந்ததும் வெள்ளைச் சேலைக்கு மாறினார். அந்தச் சேலையோடேயே ‘பூம்புகார்’ (1964) கவுந்தியடிகளாகவும், ‘திருவிளையாடல்’ (1965) ஔவையாகவும் நின்றார். ‘துணைவன்’ (1969) பாட்டுக்குத் தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ. முகம் அதிகம் அசையாது. கையை உயர்த்துவார், பாடுவார், சொல் கடைசி வரிசை வரைக்கும் போகும். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் வளர்ந்த தொண்டை அது. கதாநாயகி என்றால் காதல் காட்சி வேண்டும் என்ற சினிமாவில், அது இல்லாமலே நிலைத்த பெண் வேறு யார்?

ஆனால் நாம் பேச வேண்டிய வேஷம் 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’. ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிக்க மனமில்லாதவர், தட்டிக்கழிக்க ஒரு லட்ச ரூபாய் கேட்டார், அதையும் கொடுத்துவிட்டார்கள் என்பார்கள். நந்தனாக அவர், வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். படத்தில் பனைமரமும் எருமையும் வெள்ளாடும்தான் நன்றாக நடித்தன என்று கல்கி கேலி எழுதினார். சேரிக்குச் சொந்தமானவை என்று நான் நம்பக்கூடியவையும் அவை மூன்றுதான்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு திருவனந்தபுரத்தில் ஜே.சி.டேனியல் ‘விகதகுமாரன்’ மௌனப்படம் எடுத்தார். அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் புலையர் சாதிப் பெண் பி.கே.ரோஸி. திரைமேல் கல் விழுந்தது. ரோஸி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. நம்முடைய வேஷத்தை மற்றவர் கட்டினால் லட்சம். அவர்களுடைய வேஷத்தை நம்மவள் கட்டினால் கல். இதில் சுந்தராம்பாள் மேல் எனக்குக் குறையில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட நந்தன்மேல்தான் குறை.

சேக்கிழாரின் நந்தனுக்கு ஆண்டை கிடையாது. ஆதனூரில் பறைத்துடவை என்ற மானிய நிலத்தை வைத்துப் பிழைத்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். வாத்தியம் நம்முடையது, உள்ளே போக மட்டும் அனுமதியில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனை எழுதியபோதுதான் வேதியர் ஆண்டையாக வந்தார், நந்தன் அவர் காலில் விழுந்து லீவு கேட்கும் பண்ணையாள் ஆனான். பண்ணையடிமைக் கொடுமையைப் பாரதி காட்டினார் என்பதும் உண்மையே. ஆனால் தோல் கொடுத்த கை மறைந்து, கெஞ்சுகிற கை மட்டும் சினிமாவுக்கு மிஞ்சியது. 1942இல் ஜெமினி எடுத்த ‘நந்தனா’ரில் தண்டபாணி தேசிகர் நடித்தபோதும் அதே கைதான்.

எங்களுக்கு அடுத்த ரயில் நிறுத்தம் திருநின்றவூர். பூசலார் நாயனார் ஊர். அவர் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார்; காஞ்சியில் ராஜா கட்டிய கோயில் குடமுழுக்கைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டுச் சிவன் இவரிடம் வந்தான். பூசலார் அந்தணர். நந்தனும் நாயன்மார்தான், அவர் மட்டும் தில்லையில் நெருப்பில் இறங்க வேண்டும். இறங்கினால் பூணூலோடு முனிவராக வெளியே வருவார். இதை ஆயாவிடம் ஒருமுறை சொன்னேன். "அப்ப வெளிய வந்தது நம்மாளு இல்லியே. நம்மாளு எங்க போனான்?" என்று கேட்டது.

சுந்தராம்பாள் படம் வந்த அதே 1935, அக்டோபரில், இயோலாவில் அம்பேத்கர் தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தார். 1948இல் ‘தீண்டப்படாதார்’ நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் மூவர் நினைவுக்கும் காணிக்கையாக்கினார். கோயிலை விட்டு வெளியேறத் துணிந்தவர் நந்தனை விட்டுவிடவில்லை. ஆயாவுக்கு இதையும் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கே தெரியாது. குழாயில் அந்தம்மா பாட ஆரம்பித்திருந்தார், ஆயா எழுந்து போய்விட்டது.