துண்டாக்கிய பாட்டும் சுருக்கிய கதையும்



ஆங்கிலச் செய்யுளைப் பொருளுரையோடு மனப்பாடம் செய்வதும், ஆங்கில நாவலைச் சுருக்க நூலாகப் படிப்பதும் நம் பள்ளிகளில் நெடுநாளைய வழக்கம். இவ்வழக்கம் எவ்வாறு வந்தது, இதனால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது என்பதை ஓர் ஆசிரியரின் இரு நூல்களைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். நாற்பதாண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு பிழையையும் அதனிடையே சொல்லியாக வேண்டும்.

அவ்வாசிரியர் ஆலிவர் கோல்ட்ஸ்மித். அயர்லாந்தில் பிறந்து, இலண்டனில் எழுத்தையே நம்பி வாழ்ந்து, 1774ஆம் ஆண்டில் மறைந்தவர். 1766இல் அவருடைய ‘வேக்பீல்டு பாதிரியார்’ என்னும் நாவலும், 1770இல் ‘பாழடைந்த சிற்றூர்’ என்னும் நெடும்பாட்டும் வெளிவந்தன. வாடகைப் பாக்கிக்காக வீட்டுக்காரி அவரைக் காவலில் வைத்திருந்த வேளையில், நண்பர் டாக்டர் ஜான்சன் வந்து, அந்நாவலின் கைப்பிரதியைக் கொண்டுபோய் 60 பவுனுக்கு விற்றுக் கடனைத் தீர்த்தார் என்பது வரலாறு.

இனி, இத்தகைய நூல்கள் நம் வகுப்பறைக்கு வந்த வழியைக் காண்போம். 1835ஆம் ஆண்டில் மெக்காலே தம் குறிப்பை எழுதினார். அரசாங்கத்தின் கல்விப் பணம் ஆங்கிலக் கல்விக்கே செலவாக வேண்டும் என்று அவ்வாண்டே முடிவாயிற்று. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. பல்கலைக்கழகத்தோடு தேர்வும், தேர்வோடு வரையறுத்த பாடநூலும் வந்தன. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமோ ஆங்கில இலக்கியத்திற்கெனத் தனிப் பட்டப்படிப்பை 1894ஆம் ஆண்டில்தான் ஏற்படுத்திற்று. ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக உருப்பெற்ற வரலாற்றில் இந்திய நாட்டின் பங்கு பெரிது என்பதைக் கௌரி விசுவநாதன் 1989இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

தேர்வுக்கு ஓர் இயல்பு உண்டு. கேட்கவும் திருத்தவும் எளிதான அளவே அதற்கு வேண்டும். ஆகவே பாட்டு துண்டாயிற்று, நாவல் சுருங்கிற்று. ‘வேக்பீல்டு பாதிரியார்’ கதையை அப்பாதிரியாரே தம் வாயால் சொல்கிறார். செல்வம் இழக்கிறார், வீடு தீப்பற்றுகிறது, கடனுக்காகச் சிறை புகுகிறார். இவ்வளவும் சுருக்க நூலில் இருக்கும். ஆனால் தம் குறைகளைத் தாமே அறியாமல் அவர் பேசும் பேச்சில் நமக்கு எழும் புன்சிரிப்பு அதில் இராது. 1770-71 குளிர்காலத்தில், செருமானிய அறிஞர் ஹெர்டர் இந்நாவலின் மொழிபெயர்ப்பை வாய்விட்டுப் படிக்க, இளைஞராயிருந்த கெதே கேட்டு உள்ளம் உருகினார். பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் அதை மறவாமல் எழுதினார். குரலில் கேட்ட கதை அவ்வாறு நிலைத்து நிற்கிறது.

இனி என் பிழைக்கு வருகிறேன். 1987ஆம் ஆண்டில், வானம் பார்த்த பூமியில் அமைந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ‘பாழடைந்த சிற்றூர்’ 430 அடிகள் கொண்டது. அதில் கிராமத்து ஆசிரியரை வருணிக்கும் ஏறத்தாழ 25 அடிகளே எங்கள் பாடம். அருஞ்சொற்பொருள் எழுதிப் போட்டேன். பொருட்சுருக்கம் சொல்லி எழுதச் செய்தேன். பாடம் முடிந்தது என்று புத்தகத்தை மூடியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “சார், எல்லா வினைச்சொல்லும் இறந்த காலத்திலேயே இருக்கிறதே. அந்தப் பள்ளிக்கூடம் அப்புறம் என்ன ஆயிற்று?” என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. பட்டமும் பயிற்சியும் பெற்றிருந்த நான் அப்பாட்டை ஒரு முறையேனும் முழுமையாகப் படித்தவன் அல்லன்! “நாளை சொல்கிறேன்” என்று கூறி அமர்த்தினேன். மறுநாளும் சொல்ல இயலவில்லை. சனிக்கிழமையன்று மாவட்ட மைய நூலகத்திற்குச் சென்று தேடினேன். எங்கள் பாடப்பகுதி முடிந்த இடத்தை அடுத்தே விடை இருந்தது. அவ்வாசிரியரின் புகழ் மறைந்தது. அவர் வென்று விளங்கிய இடத்தையே ஊர் மறந்தது. பொதுநிலங்களைச் செல்வர் வேலியிட்டு வளைத்துக்கொள்ள, குடியானவர் ஊரை விட்டு அமெரிக்கா வரை சென்ற துயரமே பாட்டின் உயிர். ஊர்கள் வெறுமையாவது உண்மைதானா என்று நண்பர்களே ஐயுறுவர் என்பதைக் கோல்ட்ஸ்மித் அறிவார். நான்கைந்து ஆண்டுகள் நாட்டுப்புறங்களில் தாமே நேரில் கண்டதாக அவர் முன்னுரையில் விடை கூறுகிறார்.

திங்கட்கிழமை தொடங்கி மூன்று பாடவேளைகளில் அப்பாட்டு முழுவதையும் வாய்விட்டுப் படித்தேன். இடையிடையே தமிழில் விளக்கினேன். சொற்பொருள் எதுவும் எழுதிப் போடவில்லை. முடிந்ததும் வகுப்பில் பேச்சே இல்லை. பிறகு அம்மாணவன், தன் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை நான் கேளாமலே எண்ணத் தொடங்கினான். ஒரு கை விரல்கள் போதவில்லை. அவன் தந்தையும் திருப்பூருக்குப் பிழைக்கச் சென்றவர். இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்று எங்கள் ஊருக்கு அண்டை ஊராயிற்று.

அதற்கு முன் என்னிடம் பயின்று சென்றவர்களை எண்ணி இன்றும் வருந்துகிறேன். அவர்கள் மதிப்பெண் பெற்றார்கள், பாட்டைப் பெறவில்லை.

தேர்வு வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஏழைப் பிள்ளைக்கு மேற்படிப்பின் கதவைத் திறப்பது பெரும்பாலும் அதுவே. ஆயினும் பாடநூல் காட்டுவது பலகணி வழியே தெரியும் அளவுதான். வெளியே சென்று பார்க்கும் உரிமை உங்களுடையது. அடுத்த முறை ஒரு செய்யுட் பகுதியைப் படிக்கும்போது, அது எங்கிருந்து வெட்டி எடுக்கப்பட்டது, அதற்கு முன்னும் பின்னும் இருப்பது யாது என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். அவருக்கு உடனே விடை தெரியாமற் போகலாம். அதனால் குற்றமில்லை, அவரும் நூலகத்திற்குச் செல்வார்.