கேணியும் கதிரையும்

யோகாசனம் பழக வருபவரிடம் முதலில் சொல்லப்படுவது, "பாயை விரிச்சுச் சப்பாணி கட்டி இருங்கோ" என்பதுதான். முழங்கால் மடங்காதவருக்கும், நாரி நோவால் குனிய ஏலாதவருக்கும், கண்ணிவெடியில் காலை இழந்தவருக்கும் அந்த முதல் வசனத்தோடேயே வகுப்பு முடிந்துவிடுகிறது. போர் கண்ட வடபுலத்தில் இத்தகையோர் பலர். இவர்கள் முதலில் உடலின் பாரத்தை எதன்மேலாவது இறக்கிவைக்க வேண்டும், ஆசனம் அதற்குப் பிறகுதான் என்பது என் துணிபு. பாரம் இறக்க யாழ்ப்பாணத்தவருக்கு எட்டும் தூரத்தில் இரண்டு உண்டு: கீரிமலைக் கேணி, வீட்டுக் கதிரை.

கேணியின் பெருமை பழையது. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இங்கே நீராடி மனித முகம் பெற்றார் என்பார்கள். குதிரைமுகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி குணமடைந்து மாவிட்டபுரத்தில் கந்தனுக்குக் கோயில் எடுப்பித்தாள் என்பது ஐதிகம். குடாநாட்டின் சுண்ணக்கல் மழைநீரை உறிஞ்சி, நிலத்தடியால் கொண்டுவந்து, கடலோரத்தில் ஊற்றாக விடுகிறது. சுவருக்கு அப்பால் உப்புக்கடல், இப்பால் நன்னீர். அந்த நீரில் மருந்து கரைந்திருக்கிறதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. மருந்தே இல்லாவிட்டாலும் நீர் செய்யும் வேலை பெரிது. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் ஏறத்தாழப் பாதியைத்தான் தாங்குகின்றன. மார்பளவில் அது மூன்றிலொரு பங்காகவும், கழுத்தளவில் பத்திலொரு பங்காகவும் குறைந்துவிடும். 75 கிலோ எடையுள்ளவரின் முழங்கால், மார்பளவு நீரில் 25 கிலோ மனிதரைச் சுமப்பது போலத்தான் உழைக்கிறது. தரையில் ஒற்றைக்காலில் நிற்க நடுங்குபவர், பக்கத்தில் ஒருவர் துணையிருக்க, சுவரைப் பிடித்தபடி விருட்சாசனத்தில் நிற்கலாம். சரிந்தால் நீர் தாங்கும். நோவை விட விழுந்துவிடுவோம் என்ற பயம்தான் பலரை முடக்கிவைக்கிறது. அந்தப் பயத்தைத் தெளிவிப்பதில் கேணிக்கு நிகர் எதுவும் இல்லை.

கதிரையின் வரலாறு ஒரு நோயாளிப் பிள்ளையோடு தொடங்குகிறது. 1918இல் கர்நாடகத்தின் பெள்ளூரில் பிறந்த பி. கே. எஸ். ஐயங்கார் மலேரியா, டைபாய்டு, காசநோய் எல்லாம் கண்டு மெலிந்தவர். 1934இல் மைசூரில் தம் அக்காவின் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் ஆசனம் பழகத் தொடங்கியபோது அவரால் குனிந்து காலைத் தொடக்கூட இயலவில்லை. பின்னாளில் பூனாவில் கற்பித்தபோது பலகைக்கட்டை, பட்டி, கயிறு, முதுகுப்பகுதி நீக்கிய மடிப்புக் கதிரை ஆகியவற்றைக் கொண்டு, நோயாளிகளும் ஆசனத்தில் தங்க வழி செய்தார். 1979இல் ஸ்கூட்டர் விபத்துகளில் முதுகும் தோளும் முழங்காலும் அடிபட்டபோது, உலகமறிந்த அந்த ஆசிரியரே மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அப்போது அதே சாதனங்கள் அவருக்கும் கைகொடுத்தன.

இரண்டும் பாரத்தைக் குறைக்கின்றன என்றாலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. நீர் பிழையை மறைக்கும். முழங்கால் உள்ளே சாய்ந்தாலும் உடம்பு முறையிடாது. கதிரை பிழையைக் காட்டிக்கொடுக்கும். முன் தொடையைக் கதிரையில் இருத்தி வீரபத்ராசனம் செய்பவருக்கு, இடுப்பு எந்தப் பக்கம் சரிகிறது என்பது உடனே தெரியும். எலும்பு தேய்ந்த மூதாட்டிக்கு ஓரளவு பாரம் எலும்பில் விழவே வேண்டும். அவருக்குக் கதிரையைப் பிடித்து எழுந்து இருப்பதே நல்ல பயிற்சி; மிதப்பதால் அந்தப் பலன் கிடைக்காது. சிகிச்சைக்கான நீச்சல் தடாகங்களில் நீரை 33, 34 பாகை செல்சியஸ் சூட்டில் வைப்பார்கள். கீரிமலை நீர் குளிர்ச்சியானது (சுடுநீர் ஊற்று வேண்டுமானால் திருகோணமலைக் கன்னியாவுக்குத்தான் போகவேண்டும்), ஆகவே நெடுநேரம் நின்றால் தசை இறுகும். கழுத்தளவு நீர் குருதியை நெஞ்சுக்குத் தள்ளும் என்பதால் இதய நோயாளர் வைத்தியரைக் கேட்காமல் இறங்கக்கூடாது.

இனி, கேணியின் படிகள். 1968இல் இந்தியாவில் உருவான ஜெய்ப்பூர் கால், குந்தவும் சப்பாணி கட்டவும் வெறுங்காலோடு நடக்கவும் ஏற்றது. 1987 முதல் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தின் வழியாக இங்கும் பலர் அதனால் எழுந்து நடந்தார்கள். ஆனாலும் ஈரப்படி செயற்கைக்காலுக்குப் பகை. கேணி எப்போதும் கைக்கெட்டியதாகவும் இருந்ததில்லை. 1990இல் கேணியருகே உள்ள நகுலேஸ்வரம் சிவன் கோயில் குண்டுவீச்சில் சிதைந்து, ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனபின், சனம் நினைத்தபடி வந்து நீராட முடியாத ஆண்டுகள் பல கழிந்தன.

ஆகவே என் தீர்ப்பு இது. உடல் கனத்து முழங்கால் தேய்ந்தவர், படி இறங்க முடியுமானால் கேணியில் தொடங்கட்டும். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் வேண்டாம், ஆளில்லாத காலைப்பொழுதில், துணையோடு. காலிழந்தவர், தள்ளாடுபவர், எலும்பு தேய்ந்தவர் ஆகியோருக்கு முதல் ஆசான் கதிரைதான். பிளாஸ்டிக் கதிரை சீமெந்துத் தரையில் வழுக்கும். பாரமான மரக்கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டுப் பாவியுங்கள்.

யோகா வகுப்பு நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: மண்டபத்தில் பாய்களோடு நாலு மரக்கதிரைகளையும் போட்டுவையுங்கள். வருபவரிடம் எந்த மூட்டு நோகிறது என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு இருக்கச் சொல்லுங்கள்.