பக்கத்துக் காணியில் துளையிடுவது யார்?

தானாகக் கிணறு தோண்டாத எண்ணெய் நிறுவனமொன்றின் பெறுமதியை எப்படிக் கணிப்பது? அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், மவுன்ட்ரெயில் கவுண்டியின் பார்ஷல் எண்ணெய் வயல் 2006 இல் கண்டறியப்பட்ட பின்னர் இக்கேள்வி சூடுபிடித்தது. நோதர்ன் ஒயில் போன்ற சிறிய நிறுவனங்கள் குத்தகைக் காணிகளைச் சேர்த்தன. துளையிட்டவை ஈஓஜி போன்ற பெரியவை. செலவிலும் வருமானத்திலும் சிறியவருக்குக் காணியளவுக்கேற்ற பங்கு.

ஆகவே பங்குதாரர் கவனிக்க வேண்டியது அயலவரை. துளையிடும் அனுமதிகளை மாநிலக் கைத்தொழில் ஆணைக்குழு அன்றாடம் வெளியிடுகிறது, வரைபடமும் இலவசம். நான் முதலில் பார்ப்பது கிணற்றின் வாயை அல்ல, கிடைத்துளை போகும் திசையை. பக்கன் பாறையில் அது பெரும்பாலும் இரண்டு மைல் ஓடும். அதற்கான 1,280 ஏக்கர் அலகுக்குள் சிறியவரின் காணி அகப்பட்டால், வாய் வேறொருவர் நிலத்தில் இருந்தாலும் பங்கு உண்டு.

அனுமதியை மட்டும் நம்பிப் பணம் போடுவது ஆபத்து. எடுத்துவிட்டுத் துளையிடாமலே விடுவதும் நடக்கிறது. ரிக் வந்து நின்றால்தான் உறுதி. அதன்பின்னும், நிறுவனம் கேட்டால் கிணற்றின் விபரங்கள் ஆறு மாதம் வரை இரகசியமாக இருக்கும். வதந்திக்கு வாய்ப்பான காலம் அதுதான். ஆனால் துளையிடல் தொடங்கிய திகதி, ரிக் ஒப்பந்தகாரர், கிணற்றிலிருந்து வெளியே போன எண்ணெயின் அளவு ஆகியவற்றை அப்போதும் மறைக்க முடியாது.