பூட்டின வீடும் காத்திருக்கிற அயலும்

போன கிழமை மகன் அழாக்குறையா வந்து நிண்டான். மைன்கிராப்ட்டில அவன் பாத்துப்பாத்துக் கட்டின வீட்டை அயல் பெடியன் இடிச்சுப்போட்டானாம். "காணியை அடைச்சு வைக்கேல்லையோ?" எண்டு கேட்டன். அடைச்சதுதானாம். ஆனா சோதினை எண்டு கனநாள் உள்ள போகாமல் விட, உரிமை காலாவதியாப் போச்சுதாம்.

அவன் விளையாடுற இடத்தில தங்க மண்வெட்டியால ரெண்டு மூலையைத் தொட்டால் அந்தத் துண்டு உன்ர பேரில. விளையாடுற நேரத்துக்கேற்ப அடைக்கிற அளவும் கூடும். ஆள் வராவிட்டால் கொஞ்ச நாளில வேலி தானா அழிஞ்சுபோகும். இந்த விதி எங்கயிருந்து வந்தது எண்டு தேடப்போய், 1997இல வந்த அல்டிமா ஒன்லைனில போய் நிண்டன். பழைய ஆக்கள் சிலருக்கு ஞாபகமிருக்கும்.

அதில காசு சேர்த்து ஒரு உறுதி வாங்கவேணும். உறுதி எண்டால் உறுதிதான், எங்கட நொத்தாரிசு எழுதிற மாதிரி ஒரு கடதாசி. வெறுங்காணியில அதை வைச்சால் வீடு எழும்பும். சின்ன வீட்டுக்கு 7க்கு 7 கட்டம், கோட்டைக்கு 31க்கு 31. ஆக்கள் குவிய வெறுங்காணி முடிஞ்சுபோச்சு. கோட்டை கட்ட நினைச்சவன் பக்கத்துச் சின்ன வீடுகளை ஒவ்வொண்டா வாங்கவேணும். நடுவில இருக்கிறவன் விலையை ஏத்துவான். (இதுக்கு நாங்கள் ஒரு கணினியும் இல்லாமலே பட்டம் வாங்கினனாங்கள்.) வீடுகள் ஈபேயில உண்மைக் காசுக்கே விலைப்பட்டுது.

கட்டிப்போட்டு வராமல் விட்ட வீடுகளை என்ன செய்யிறது? கதவைத் திறந்து பாக்க உரிமையாளர் வரவேணும், வராட்டி வீடு பழுதாகும் எண்டு விதி வைச்சினம். வீட்டில எழுத்து மாறிக்கொண்டு வரும்: புதுசு மாதிரி, கொஞ்சம் தேய்ஞ்சது, நல்லாத் தேய்ஞ்சது, கடைசியா 'இடிஞ்சு விழப்போகுது'. அந்தக் கடைசி எழுத்தைக் கண்டவுடன சனம் சுத்திவரக் கூடிடும். இரவிரவாக் காவல் இருப்பினம். வீடு விழ, உள்ள இருந்த சாமான் நிலத்தில பரவும். அள்ளுறவன் அள்ளுவான், இன்னொருத்தன் கையில புது உறுதியோட நிப்பான்.

2000இல நாட்டை அப்பிடியே இன்னொரு பிரதி எடுத்து காணியை இரட்டிப்பாக்கிப் பாத்தினம். அங்கயும் ஓடிப்போய்ப் பிடிச்சு முடிச்சிட்டினம். பிறகுதான் மாதச் சந்தா கட்டுறவரைக்கும் வீடு தானாப் புதுப்பிக்கப்படும் எண்டு மாத்தினது. ஆள் வரத்தேவையில்லை, காசு வந்தால் போதும்.

வராதவன்ர காணி பறிபோகலாம் எண்டது விளையாட்டுக்காரர் கண்டுபிடிச்சதில்லை. இலங்கையில 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, ஒருத்தன் 10 வருசம் தடையில்லாமல், உரிமையாளரை ஏற்காமல் தனியார் காணியை ஆண்டால் அதைத் தன்ர எண்டு கேக்கலாம். சும்மா விட்ட காணியைப் பாக்க அது நியாயமாத்தான் தெரியும். ஆனா நாங்கள் சும்மா விட்டு வந்தனாங்களோ? ஷெல்லுக்கு நடுவில எந்தக் கதவைத் திறந்து பாக்கிறது? 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரைக்குமான காலத்தைக் கணக்கில எடுக்காமல் வழக்குப் போட வழிவைச்ச விசேட சட்டம் 2016இலதான் வந்தது. அதுக்கும் 2 வருச அவகாசம்தான். என்னோட வேலைசெய்யிற ஆக்களில எத்தினை பேருக்கு அப்பிடியொண்டு வந்ததே தெரியாது.

மகனுக்கு இதெல்லாம் சொல்லேல்லை. "காணி துறந்திருக்கோ பார், திரும்ப மூலையைத் தொடு" எண்டன். அதுக்குள்ள அந்தப் பெடியன் அதில கோழிக்கூடு கட்டிப்போட்டானாம்.

ஊரில எங்கட வளவுக்கு அண்ணை வருசத்துக்கு ஒருக்கா ஆள் பிடிச்சு, கதியால் மாத்தி வேலி அடைப்பிக்கிறார். இந்த முறைக் கூலிக்காசு நான் இன்னும் அனுப்பேல்லை. நாளைக்குப் போடவேணும்.